எடை மேடையில் ஒரு புது வண்டி

எண்கள் நிற்கவில்லை. 1915. 1920. மறுபடி 1915.

எடை மேடையின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வெளியே தொங்கிய சிவப்பு எண்பலகையையே அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக இதே நாற்காலி, இதே டீசல் வாசனை, காற்றடித்தால் தடதடக்கும் இதே தகரக் கூரை. இரும்பு ஏற்றிய லாரி ஏறினால் எண் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அப்படியே நின்றுவிடும். மாட்டு லாரி என்றால்தான் நிற்காது. உயிருள்ளது உள்ளே கால் மாற்றும், மூச்சு வாங்கும், எண்ணும் கூடவே தத்தளிக்கும்.

இப்போது மேடைமேல் நின்றது மாட்டு லாரி இல்லை. பத்து நாளுக்கு முன் இரண்டாம் கையாக வாங்கிய கேம்பர் வேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கைக்குட்டை அளவு ஜன்னல் இரண்டு, அவ்வளவுதான். வாங்கிய அன்றே எடை போட்டுப் பார்த்திருந்தாள். சரியாக 1840. இன்று முதல் பயணம். போகிற வழியில் இன்னொரு தடவை போட்டுவிடலாமே என்று, விடுமுறை நாளில் ஆளில்லாத யார்டைத் திறந்து வைத்திருந்தாள். தொழில் புத்தி, வேறென்ன! மூட்டை முடிச்செல்லாம் கீழே இறக்கியாயிற்று; அவற்றின்மேல் உட்கார்ந்து மகள், செல்லப்பேர் உருண்டை, காலாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி காலி. உள்ளே ஆளில்லை.

எழுபத்தைந்து கிலோ எங்கிருந்து வந்தது?

"ஏங்க, வண்டிக்குள்ள ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"என் மனச வெச்சிருக்கேன்," என்று யார்டு வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி சிரித்தான் கணவன்.

பத்து நாளாக அந்த வண்டியே கதி என்று கிடந்தவன் அவன். இருந்த திரையைத் தைத்தான், மெத்தையைத் தட்டிப் போட்டான், சாயங்காலமானால் அதிலேயே ஒரு குட்டித் தூக்கம். கடையில் நின்று நின்று முதுகு விட்டுப்போன மனுஷன், எழுந்து வரும்போது உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது என்பான். அவளுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் போய் வண்டியின் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தாள். மூடிய அறையில் யாரோ வெகுநேரம் தூங்கிய வாசனை வெதுவெதுவென்று முகத்தில் அடித்தது. கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை ஓர் ஆள் நீளத்துக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழி மெல்ல மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

அவள் கால் தானாகப் பின்னுக்கு வந்தது. ஸ்பிரிங் மெத்தை, பழைய வண்டி, காற்று வேறு ஆட்டுகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மெஷின்தான் கோளாறோ என்னவோ. எடை தெரிந்த ஒன்றை ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஏங்க, மேடை மேல வாங்க. உங்க எடை எழுபத்தஞ்சுதானே?"

"எழுபத்தஞ்சேதான். போன மாசம்கூடப் பாத்தேன்," என்று அவன் வந்து இரும்புத் தகட்டில் ஏறினான். செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

1915. 1920.

"குதிங்க."

குதித்தான். 1915. 1920.

"மெஷின் புட்டுக்கிச்சும்மா! நான் என்ன காத்தா?" என்று சொல்லிவிட்டு அவன் கேட்டுப் பக்கம் போனான்.

அவள் மேடைப் பக்கம் நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறினாள். சில்லென்ற இரும்பு. பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

1975. அவளுடைய அறுபது, கிலோ பிசகாமல். மெஷினில் கோளாறு இல்லை.

கோளாறு இல்லை.

சாமான்களின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மகளைத் தேடினாள். மூட்டை இருந்தது. பிஸ்கட் பொட்டலம் இருந்தது.

"ஏங்க, உருண்டை எங்க?"

பலகையில் எண் மாறியது. 2000.

இருபத்தைந்து. அது யாருடைய எடை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எறங்கு! எறங்குடி கீழ!" கத்தியது தன் குரல்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மெத்தைச் சுருக்கம் கன்னத்தில் பதிந்த முகம் கதவில் தெரிந்தது. "கட்டில்ல படுத்துப் பாத்தேம்மா. சூப்பரா இருக்கு!" படியிலிருந்து தகட்டில் குதித்தாள். சத்தமில்லை. அவள் மகளின் மணிக்கட்டைப் பற்றி மண்தரைக்கு இழுத்து வந்தாள்.

மேடையில் இப்போது யாரும் இல்லை. வண்டி மட்டும்.

1940. 1945. 1940.

அய்யோ. அய்யோ.

ஏழு வருடமாகத் தூக்குகிற குழந்தை. இடுப்பை எப்படிக் கொடுக்க வேண்டும், மூச்சை எங்கே பிடிக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. அப்படியே குனிந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

கை தலைக்கு மேலே போய்விட்டது. கொடியில் காய்ந்த சட்டையை எடுத்ததுபோல இருந்தது.

"ஏம்மா அழற?" அதே சூடான கன்னம். அதே பிஸ்கட் வாசனை.

சுவரைத் தாண்டிப் பெருங்காற்று வந்தது. மகள் கையிலிருந்து நழுவி மேலே போனாள், கிச்சுகிச்சு மூட்டியதுபோலச் சிரித்துக்கொண்டு. அவள் எட்டித் தாவினாள். கணுக்கால்கள் அகப்பட்டன. இரண்டையும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஏய்... என்னையும் புடிம்மா."

கணவன் குரல். சிரிப்பில்லாத குரல். அது கேட்டுப் பக்கமிருந்து வரவில்லை. கேட்டுக்கு மேலே, தகரக் கூரைக்கும் மேலே எங்கிருந்தோ வந்தது.

"புடிம்மா..."

அவளுக்கு இரண்டு கைதான் இருந்தது.