பல் டாக்டரும் திறக்காத கதவும்

வக்கீல் ஆபீஸ்ல அம்மா வாயே திறக்கல. இத்தனை வருஷம் மத்தவங்க வாயை எல்லாம் திறக்க வச்சவங்க, இப்போ கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. அதனால அவங்க மக வாலு தான் பேச வேண்டியதாப் போச்சு. வயசு பதினாறு. வீட்டுல கிழிச்ச கோட்டைத் தாண்டுறவ, இங்க துப்பட்டா நுனியைத் திருகிக்கிட்டே பேசினா.

"அம்மா பல் டாக்டர் சார். ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க, கன்னம் வீங்கிடுச்சு. அவர் பல் டாக்டர் கவுன்சில்ல புகார் குடுத்துட்டாரு. மூணு பேர் குழு ஒரு நாள் பூரா விசாரிச்சு, அன்னிக்கு சாயங்காலமே லைசென்ஸ் ரத்துன்னுட்டாங்க. அதுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடுறதே இல்ல. எனக்குப் பயமா இருக்கு சார். அம்மா மேல தப்பு இல்லன்னு நிரூபிச்சுக் குடுங்க."

வக்கீல் நிதானமா கண்ணாடியைத் துடைச்சாரு. கோர்ட்டுல அவருக்கு ஆமைன்னு பட்டப்பேரு.

"கோர்ட்டு அதைப் பார்க்காதும்மா. பல்லைச் சரியாப் பிடுங்கினாங்களான்னு ஜட்ஜுக்குத் தெரியாது. உங்க அம்மா சொன்னதை நியாயமாக் கேட்டு முடிவு எடுத்தாங்களா, அதை மட்டும்தான் பார்ப்பாரு."

"நாள் பூரா கேட்டிருக்காங்களே சார்! அப்போ கேஸ் அவ்வளவுதானே?" அவரோட ஜூனியர் துள்ளினா. அந்தப் பொண்ணுக்குப் பேரு பட்டாசு.

"பட்டாசு, கொஞ்சம் நனைஞ்சுக்கோ. வாலு, அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு."

"வாசல்லயே ராசி சரியில்ல சார். பதிவு பண்ணின டாக்டருங்களுக்கு ஒரு கார்டு உண்டு, அதைக் காட்டினா கவுன்சில் கண்ணாடிக் கதவு திறக்கும். அம்மா காட்டினாங்க, சிவப்பு லைட். மறுபடி காட்டினாங்க, மறுபடியும் சிவப்பு. வாட்ச்மேன் எங்களைத் திருடங்க மாதிரி பார்க்கிறாரு. மானமே போச்சு."

கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்த வக்கீல் கை நின்னுது.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்," பட்டாசு முந்திக்கிட்டா.

"இல்லக்கா. பின்னாடியே இன்னொரு டாக்டர் வந்து காட்டினாரு, பச்சை எரிஞ்சுது. அவர்கூடவே நாங்களும் நுழைஞ்சுட்டோம்."

"அப்போ கார்டு கெட்டுப் போயிருக்கும்."

அம்மா முதல் தடவையா நிமிர்ந்தாங்க. "முந்தின நாள் சாயங்காலம் அதே கார்டுலதான் அங்க இருக்கிற லைப்ரரிக்குப் போனேன்."

"புகார் வந்ததுமே உங்களைத் தற்காலிகமா நிறுத்தி வச்சிருப்பாங்க!"

"அப்படி எதுவும் பண்ணல. முந்தின நாள்கூட கிளினிக்குல நோயாளிங்களைப் பார்த்தேனே."

ஆமை கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாலுவைப் பார்த்துச் சிரிச்சாரு. "ராசின்னு சொன்னியே, அதுதான் நம்ம கேஸ்."

கோர்ட்டுல கவுன்சில் பதிவாளரைக் கூண்டுல ஏத்தினாங்க. குழுத் தலைவர் முன்வரிசையில கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருந்தாரு.

"ஒரு டாக்டரோட கார்டு எப்போ செத்துப் போகும்?" ஆமை சாவகாசமாக் கேட்டாரு.

"பதிவுலேர்ந்து பேரை எடுத்தா, தானாவே."

"பேரை எப்போ எடுப்பீங்க?"

"குழு முடிவு பண்ணின..." பதிவாளருக்குப் பாதியிலயே உறைச்சுது. கர்சீப்பைத் தேடினாரு.

ஆமை ஜட்ஜ் பக்கம் திரும்பினாரு. "ஐயா, அதே கதவு அடுத்தவருக்குத் திறந்துச்சு, அதனால கதவுல கோளாறு இல்ல. அதே கார்டு முந்தின நாள் வேலை செஞ்சுது. இவங்களை யாரும் நிறுத்தியும் வைக்கல. அப்போ மிச்சம் ஒண்ணுதான். இந்தம்மா விசாரணைக்கு உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பேரை எடுத்தாச்சு. அதுக்கப்புறம் நாள் பூரா கேட்டதெல்லாம் சும்மா நாடகம்."

பதிவாளர் முன்வரிசைப் பக்கம் பார்க்காமலே சொன்னாரு. "தலைவர்தான் காலையில போன் பண்ணினாரு. எப்படியும் எடுக்கப் போறோம், சாயங்காலம் வேலை மிஞ்சக்கூடாது, இப்பவே எடுத்துடுன்னாரு. எப்பவுமே அப்படித்தான் செய்வோம் ஐயா."

"எப்பவுமேவா?" ஜட்ஜ் கேட்டாரு. தலைவரோட கால் தானா கீழ இறங்குச்சு.

லைசென்ஸ் ரத்து செல்லாது, வேற மூணு பேர் முதல்லேர்ந்து விசாரிக்கணும்னு தீர்ப்பாச்சு. "அப்போ நாம முழுசா ஜெயிக்கலையா?"ன்னு வாலு முகத்தைச் சுருக்கினா. ஆமை அம்மா பக்கம் கையைக் காட்டினாரு. அம்மா பட்டாசுகிட்ட, "ரொம்பப் பசிக்குது, பக்கத்துல எங்க சாப்பிடலாம்?"னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

புது விசாரணை அன்னிக்கு, அதே கண்ணாடிக் கதவு. அம்மா கார்டைக் காட்டினாங்க. பச்சை.

வாலு அம்மா கையைப் பிடிச்சா. "உள்ள என்னம்மா முடிவு சொல்லுவாங்க?"

"தெரியலடி," அம்மா கதவைத் தள்ளிக்கிட்டே சிரிச்சாங்க. "இந்தத் தடவை அவங்களுக்கும் இன்னும் தெரியாது."