முதலில் கிடைத்த லைப்ரரி

தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் மேலே போய்க் கீழே இறங்குவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் தயங்கும். இன்று சாயங்காலம் தயங்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மழை பிடித்துக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை முழுக்கத் தடதடக்க, கட்டிங் ஆயிலும் ஈரத் துருவும் கலந்த வாடை ஷெட்டை நிறைத்திருந்தபோது, அந்த ஒரு மூச்சு காணாமல் போனது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த கஜபதிக்கு மட்டும்தான் கேட்டது.

கேட்டதும் உள்ளுக்குள் இனித்தது. ஓடுவது அவன் எழுதியது.

மெஷினை ஓட்டும் புரோகிராம், தனக்கு வேண்டிய வேலைகளை லைப்ரரி என்ற பொதுக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வருஷங்களுக்கு முன் அதை எழுதியவன் கஜபதி. போன ஆடியில் வந்து சேர்ந்த பால்ராஜ் அதே பெயரில் புதிதாக ஒன்று எழுதினான். இறங்கும் முன் ஒரு மூச்சு தயங்கிப் பார்க்கும்; அடியில் கை இருந்தால் மெஷின் நின்றுவிடும். அன்றிலிருந்து முதலாளிக்கு எல்லாம் பால்ராஜ்தான். டீ கூட முதலில் அவனுக்கு. கஜபதிக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

இரண்டு லைப்ரரியும் ஒரே கம்ப்யூட்டரில், வேறு வேறு டைரக்டரியில் இருந்தன. கம்ப்யூட்டர் வரிசையாகத் தேடும்; பெயர் பொருந்தி முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, அடுத்ததைத் திரும்பியும் பார்க்காது. மத்தியானம் பால்ராஜ் சாப்பிடப் போன சமயம் கஜபதி அந்த வரிசையை மாற்றி வைத்தான். பழையதில் கை பார்க்கும் வேலையே கிடையாது. அதைத் தேடிக் கிடைக்காமல் புரோகிராம் கிளம்பாமலே படுத்துவிடும், சாயங்காலம் மெஷின் வாங்க வருகிறவர்கள் முன்னால் பால்ராஜ் திருதிருவென முழிப்பான், முதலாளி கஜபதியைக் கூப்பிடச் சொல்வார். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு.

ஆனால் புரோகிராம் படுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. ஏன்?

எந்த லைப்ரரியை எடுத்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பார்த்தான். அவனுடைய டைரக்டரிதான் திரையில் வந்தது. பழைய கோப்பைத் திறந்து வரி வரியாகக் கீழே இறங்கினான். மழை வலுத்தது. விசிறிக்குக் கீழேயே முதுகு நனைந்தது.

இருந்தது. கை பார்ப்பதை என்றைக்காவது எழுதலாம் என்று பெயரை மட்டும் வைத்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்ட வேலை. எது கேட்டாலும் ஓகே என்று மட்டும் சொல்லும். பால்ராஜ் அதே பெயரைத்தான் எடுத்து நிரப்பியிருக்கிறான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பால்ராஜ் சட்டையின் முழுக்கையை மடித்துக்கொண்டிருந்தான். யார் வந்தாலும் தன் கையையே மெஷின் அடியில் வைத்துக் காட்டுவது அவன் வழக்கம்.

கஜபதி எழுந்து ஓடினான். கதவு வரை. அங்கே நின்றுவிட்டான். சொன்னால், யார் மாற்றியது என்று கேட்பார்கள்.

பால்ராஜ் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணாத்தே, நீ போட்ட அடித்தளத்துலதான் இது ஓடிகினு கீது. நீயே வந்து கைய வெச்சி காட்டு."

முதலாளி பால்ராஜின் தோளில் கை போட்டு, இந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று வந்தவர்களிடம் சொன்னார். அந்தத் தோள். அந்தக் கை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடத் தன் மேல் விழாத கை. கஜபதி கதவிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"நீயே காட்டு பால்ராஜ்."

குரல் அவனுடையதுதான். நடுங்கக்கூட இல்லை.

பால்ராஜ் கையை நீட்டினான். மேலே போன இரும்பு தயங்கவில்லை.

யாரும் கத்தவில்லை. மழை மட்டும். மெஷின் மறுபடி மேலே போனது. ஏதோ ஒட்டிக்கொண்டு கூடவே போனது. மறுபடி இறங்கியது. கண்ணாடித் தடுப்பில் திரையின் பச்சை எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி.

ஓகே.

ஓகே.

சிரிப்பு இன்னும் பால்ராஜின் முகத்தை விட்டுப் போகவில்லை. கண் மட்டும் கஜபதியையே பார்த்துக்கொண்டிருந்தது.