நேத்ரா போட்ட லிடியன் மெட்டு

தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் மழை சாய்ந்து அடித்தது. கூரைக்கடியில் ஒதுங்கிய நேத்ரா, பெஞ்சில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவனையே பார்த்தாள்.

“டி டோரியன்…” என்றாள், தன்னையறியாமல்.

அவன் நிமிர்ந்தான். சாரல் தெறித்த இமைகள்… முறைக்கிற கண்கள்.

“இன்னாங்க, தப்பா வாசிக்கிறேன்றீங்களா?”

“இல்லீங்க. டி மைனர்ல பி-ஃபிளாட் வர்ற எடத்துல பி வெச்சீங்க. அந்த ஸ்வர வரிசைக்குப் பேரு டோரியன்.”

“பேரு தெரிஞ்சா மழ நின்னுடுமா?”

அவள் சிரித்துவிட்டாள். சிறிது நேரத்தில் அவனும்.

அவன் பெயர் சாம்சன், ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்புக்காரன். சர்ச்சில் கேட்டுக் கேட்டே கிடார் பழகியவன். அவளுக்கு பெங்களூரில் லேப் வேலை, அவனுக்கும் வேலை அங்கேதான். காலை ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்காரத் தொடங்கினார்கள்.

“அதே ஏழு ஸ்வரம்தான்,” என்பாள் அவள். “சி-ய வீடா வெச்சா மேஜர். ஈ-ய வெச்சா பிரிஜியன்… இருட்டிடும். எஃப்ப வெச்சா லிடியன், மெதக்கும். ஆனா கீழ எஃப் விடாம ஒலிக்கணும். இல்லேன்னா காது சி-க்கே ஓடிடும்.”

“என் காது எங்கயும் ஓடாது. ஒன் எதுர்லதான் கீது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சுட்டது…

ஒரு நாள் லிடியனில் தானே போட்ட மெட்டை அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். வேறு யாருக்கும் அதை அவள் வாசித்துக் காட்டியதில்லை.

பெங்களூரில் ஒரு இசைக்குழு கிடாரிஸ்ட் தேடுகிறது என்று சொன்னதும் அவள்தான். இருவருமே பேர் கொடுத்து, வாசித்துக் காட்டப் போனார்கள். அவனை முதலில் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே காத்திருந்த நேத்ராவின் காதில் அவளுடைய மெட்டே விழுந்தது.

“யார் போட்டது?” உள்ளே யாரோ கேட்டார்கள்.

“நான்தான்,” என்றான் சாம்சன்.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது அங்கே அவள் இல்லை.

அதன் பிறகு அவள் வேறு பெட்டியில் ஏறினாள். அவன் போன் செய்தான்… எடுக்கவில்லை. மெட்டு ஊரெல்லாம் பரவியது, அவன் பெயரோடு.

மாதங்கள் கழித்து, ஒரு காலை, அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ஒன்ன எனக்கு புடிக்கும் நேத்ரா. அன்னிக்கே சொல்லிருக்கணும்.”

“மெட்டு யாருதுன்னு சொன்னியா அவங்ககிட்ட?”

அவன் பார்வை தரைக்குப் போனது. “இப்ப சொன்னா… குழுவுலேர்ந்து என்ன அனுப்பிடுவாங்க.”

வழியில் பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. வேறு பெட்டிக்கு மாற அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கும் ஒன்ன புடிச்சிருந்தது சாம்சன். கேட்டிருந்தா… அந்த மெட்ட நானே குடுத்திருப்பேன்.”