அத்தியட்சர் இட்ட சோறு

மேற்கு மலைச் சிகரங்களுக்குப் பின்னே கதிரவன் மறைந்து, பொருநை நதியின் நீர்ப்பரப்பெங்கும் முழுமதி வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கிய அந்தி வேளையில், கரையோரக் கூடாரத்தில் உணவுக்கு அமர்ந்த ஹார்ட்வெல் அத்தியட்சரின் மனத்தில் மட்டும் இருள் கவிந்திருந்தது. இந்தச் சீமையில் நெடுங்காலம் சபை நடத்தி, தீராத காய்ச்சலைத் தேடிக்கொண்ட அவர், அடுத்த மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்தார். அதற்குள் செங்குளம் அரண்மனைப் பெண் தில்லைவடிவு அவரிடம் அடைக்கலம் புகுந்துவிட்டாள். ஜெபவீட்டைக் கொளுத்திய முறைமாப்பிள்ளையின் கையால் தாலி ஏற்க மாட்டேன் என்பது அவள் பிடிவாதம்.

எதிரே, கடற்கரைச் சபை உபதேசியார் என்று சொல்லிக்கொண்டு வந்த இளைஞன். ஜெபம் முடிந்ததும் அவன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டான். வாசகர்களே, அது முத்துக்குளிக்கும் பரதவரின் ரோமைச் சபை வழக்கம். அத்தியட்சரின் சீர்திருத்தச் சபை உபதேசிமார் அவ்வாறு செய்வதில்லை.

மருந்து எடுக்கும் சாக்கில் திரைக்குப் பின்னே சென்று தில்லைவடிவிடம் ஏதோ கேட்டுத் திரும்பிய அத்தியட்சர், "இவருக்கு இன்னும் கறி போடு" என்றார்.

"ஏற்கெனவே ரெண்டாள் சாப்பாடு உள்ள போயிருக்கு தொரை" என்று முணுமுணுத்தான் சமையற்காரன் வேதமாணிக்கம்.

இளைஞன் கை கழுவியதும் அத்தியட்சர் நிதானமாகக் கேட்டார்: "செங்குளம் ஜமீன்தார் சிவசங்கிலியாருக்கு எம் உணவு பிடித்ததா?"

மறுகணம் குறுவாள் மின்னியது. "அவளை அனுப்பும். அக்கரையில் என் ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

"உண்ட வீட்டில் ஆயுதம் எடுப்பதில்லை என்பது உமது குலக்கட்டு. அதனால்தான் உண்ணவிட்டுப் பிறகு பெயர் சொன்னேன்."

திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது: "மச்சானைப் பிடிக்கப் படை எதற்கு? பந்தி போட்டால் போதாதா?"

ஜமீன்தாரின் முகம் கறுத்தது. வாள் மெல்ல உறைக்குள் இறங்கியது.

"வஞ்சகக் கிழவரே, எங்கள் வழக்கத்தையே எங்களுக்குக் கண்ணியாக வைத்தீர். நீர் இந்த மண்ணில் இருக்கும்வரை உமக்கோ இவளுக்கோ என்னால் தீங்கு நேராது, இது சத்தியம். ஆனால் அடுத்த மாதம் கப்பலேறுகிறீராமே? மறுநாளே வருவேன்."

அவன் ஆற்றில் இறங்கி நிலவொளியில் கரையும்வரை அத்தியட்சர் பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் அவரை உலுக்கிற்று.

"வேதமாணிக்கம்" என்றார், மூச்சு திரும்பியதும். "கப்பலுக்குக் கட்டிவைத்த பெட்டிகளை அவிழ்த்துவிடு."