சுவை: இனிப்பு

நேற்று மாலை பன்னிரண்டு கிராம் இருந்த காளான் இன்று காலை இருபது கிராம் காட்டியது.

உலர்த்தும் பெட்டியில் இரண்டு நாள் கிடந்த காளான் எடை குறையத்தான் வேண்டும். தராசுத் தட்டைத் துடைத்து மறுபடி வைத்தாள். இருபத்தொன்று. அடுத்த அறைத் தராசில் இருபத்துமூன்று. காளானோ அதே அளவில், அதே சருகாக உட்கார்ந்திருந்தது. பெட்டியின் ரீங்காரமும், ஈர மண்ணும் பழைய காகிதமும் கலந்த வாடையும் அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பழகியவைதான். இன்று மட்டும், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல, அவை அவளை உட்காரவிடவில்லை.

எந்த நூலிலும் இல்லாத இனம். அவள் கண்டெடுத்தது. பெயர் வைப்பதுதான் பாக்கி. தான் நிரப்பிய படிவத்தை எடுத்துப் படித்தாள். நிறம், வாசனை, வித்துகளின் வடிவம். சுவை: இனிப்பு.

கண் அங்கேயே நின்றது. காளானை இனம் பிரிப்பவர்கள் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள். அன்று காட்டில் அவளுக்கு ஜலதோஷம், சுவை தெரியவில்லை. கூட வந்த தங்கையிடம் நீட்டியிருந்தாள்.

கைபேசி அடித்தது. தங்கைதான்.

"அக்கா, இனிமே என்னைக் குண்டுன்னு கூப்பிட்டே, அவ்வளவுதான்! எட்டு கிலோ குறைஞ்சிருக்கேன்."

"எப்படிடி?"

"யாருக்குத் தெரியும்? கண்ணாடியில அப்படியேதான் இருக்கேன். மூக்கு முட்டத் தின்னுட்டும் குறையுது. வயிறெரியுதா?"

தங்கை சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குத் தராசு எண் காட்ட மறுத்தது. கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசுக்கு இரண்டு கைகளாலும் தூக்கிப் போனாள், உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சருகை. பதினேழு கிலோ. முள் நிற்கவில்லை.

தங்கையை அழைத்தாள்.

"குண்டு, அன்னைக்குக் காட்டுல... துப்பினியா?"

"எதை?"

"காளானைடி. துப்பினியா?"

"நல்லா இனிப்பா இருந்துச்சுக்கா."

முள் முப்பதைத் தாண்டியிருந்தது. ஓடினாள்.

வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. அப்படியொரு புழுக்கம். கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"ஃபேன் போடாதேக்கா!"

படுக்கையில் தங்கை. அதே உப்பிய கன்னம். அதே பருத்த கைகள். அடியில் மெத்தை குழியவே இல்லை.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு கையே போதுமாக இருந்தது. கனமில்லை. கொஞ்சமும் இல்லை. விரலுக்கடியில் தோல் மொறுமொறுத்தது.

"விட்டுடாதேக்கா."

ஓடிவந்த வேகத்தில் திறந்துபோட்ட வாசல் கதவு வழியே காற்று நுழைந்தது. திரைச்சீலை ஆடியது. தங்கையின் கால்கள் மெத்தையை விட்டு எழும்பின.

இறுக்கிப் பிடித்தாள்.

பிடித்த இடம் நொறுங்கியது.