கடைக்குள்ளே போன மேனேஜர்

"இராயப்பன வெளிய விடுங்கடா!"

அந்த அலறல் பதுளை பஜார் வீதி முழுக்கக் கேட்டது.

பேக்கரி வாசலில் பாண் கியூவில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கு அது. மாவுப் பஞ்சம் பிடித்த அந்த வருடம் பாண் கியூவிலிருந்து கண்ணை எடுப்பதென்றால் சும்மாவா? அப்படியும் எடுத்தார்கள்!

மர்ஸூக் ஹாஜியாரின் துணிக்கடை வாசலில் ஒரு பெண் நின்றாள். பெயர் லூசியா. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கண்கள் சிவந்து கிடந்தன. அழுததால் அல்ல... ஆத்திரத்தால்!

"இந்தக் கடைக்குள்ள போன இராயப்பன் இன்னும் வெளிய வரல! என்னடா பண்ணுனீங்க?"

அலறல் கேட்ட நேரம் கடைக்குள்ளே சிரிப்புச் சத்தம்.

முதலாளி மர்ஸூக்குக்கு எதிரே ஹுமைத் உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். வாயைத் திறந்தால் யோசனை கொட்டும்.

"மார்ச் முடியப் போகுது ஹாஜியார். உசிருக்கு இன்ஷூரன்ஸ் கட்டுங்கொ, வரியில கழிவு ஈக்குது. மதரஸாவுக்குக் குடுத்த காசுக்கு ரசீதுத் துண்டு வாங்கி வைங்கொ. வீட்டு வாடகைய மறைக்காதீங்கொ, கூரை திருத்தின செலவக் காட்டுங்கொ. இதெல்லாம் நேர் வழி..."

"நேர் வழி பயந்தவனுக்கு! நமக்குத்தான் மேனேஜர் ஈக்கிறாரே!"

இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அப்போதுதான் கூச்சலைக் கேட்டு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் றஹீம் இறங்கினார். நல்ல மனிதர். ஆனால் காலையில் பாண் கிடைக்காத நல்ல மனிதர்!

"யாரும்மா இராயப்பன்?"

"எம் புருசங்கய்யா. உள்ள போன இராயப்பன் வெளிய வரல. இந்தக் கடைக்கு மேனேஜரு."

கூட்டம் குபீரென்று சிரித்தது. கொழுந்து பறிக்க இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியவளின் புருஷன் மேனேஜராம்!

லூசியா சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினாள்.

"நான் சொல்லலங்கய்யா. அரசாங்கம் சொல்லுது!"

வரிக் கந்தோர் அனுப்பிய கடிதம். மர்ஸூக் முதலாளியிடம் மாதம் எழுநூற்றைம்பது ரூபாய் சம்பளம் வாங்கும் இராயப்பன் ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்தார். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது.

"ஹாஜியார்... இராயப்பன் உங்க மேனேஜரா?"

மர்ஸூக் ஹுமைத்தைப் பார்த்தார். ஹுமைத் கண்ணாலேயே கெஞ்சினார். இல்லை என்று சொன்னால் வரிக் கந்தோர் தோலை உரித்துவிடும்!

"ஓ... ஓ! நம்மட மேனேஜர்தான்."

"ஆள் எப்படி இருப்பார்?"

"நல்ல ஒசரம்... தடிச்ச ஒடம்பு... கண்ணாடி போட்டீப்பார்."

வாசல் கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"இப்ப எங்க?"

"லீவுல! தோட்டத்துக்குப் போயீக்கிறார்."

"தோட்டத்துல இருந்துதான்யா நான் வாறேன்!" லூசியா பாய்ந்து உள்ளே வந்தாள். "எங்கய்யா தோட்டத்துல? எந்த லயத்துல? காட்டுய்யா!"

"பொம்பள... சத்தம் போடாத!"

"போடுவேன்! இந்தக் கடுதாசியப் படிச்சிட்டுத் தோட்டத்துக் கிளாக்கரு என்ன சொன்னாரு தெரியுமா? டவுன்ல மேனேஜரு உத்தியோகம் பாக்குறவனுக்குத் தோட்டத்துல என்ன வேலன்னாரு. வேலப் பதிவுல பேர வெட்டிட்டாங்கய்யா! இனிக் காலையில பெரட்டுல ஆள் எண்ணி வேல பிரிக்கிறப்ப அந்தப் பேரக் கூப்புட மாட்டாங்க. நாளைக்கு லயத்துல குடியிருக்குற காம்பராவக் காலி பண்ணணும். புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எந்த ரோட்டுல போயி நிக்கிறது?"

லூசியா வாசல் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஏற்கனவே வாரத்துல மூணு நாளுதான் வேல. மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குறோம். பிரஜாவுரிமை கேட்டுப் போனா, நீங்க இந்த நாட்டு ஆளு இல்லன்னு தொரத்துறாங்க. வரி கட்ட மட்டும் நாங்க இந்த நாட்டு ஆளாய்யா?"

பாண் கியூ தலை குனிந்தது. கேள்வி நியாயமாக இருந்தால் ஊர் அப்படித்தான் தரையைப் பார்க்கும்!

"போன வாரம் தனியா வந்து இந்த முதலாளி காலுல விழுந்தேன். எங்கள விட்டுருங்கன்னு கெஞ்சுனேன். மாசா மாசம் வந்து சம்பளம் வாங்கிட்டுப் போறான், அவன்கிட்டயே போய்க் கேளுன்னாரு! கேக்கணும்யா... அந்த மேனேஜரக் கொண்டாந்து நிறுத்துங்க, கேக்கணும்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஹாஜியார்... கடைசிச் சம்பளம் யார் குடுத்தது?"

"நா... நான்தான்."

"கையிலயா?"

"கையிலதான்."

"அப்ப அவரைக் கடைசியாக் கண்டதும் நீங்க. காசோட போன ஆள் தோட்டத்துக்கு வரல்ல. பொண்சாதி கிழங்கு தின்கிறா. ஆள் எங்க? காசு எங்க?"

"லீவு எண்டு செல்றேனே..."

"பின்னால ஸ்டோர் அறை இருக்குதா? சார்ஜன்ட்! போய்த் தோண்டிப் பாருங்க!"

"தோண்டவா!"

"கொலைக் கேஸ் ஹாஜியார். இந்த நாட்டுல கொலைக்கு இன்னும் கயிறுதான்."

மர்ஸூக்கின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அவர் மெல்ல ஹுமைத் பக்கம் திரும்பினார்.

ஹுமைத்தின் நாற்காலி காலியாக இருந்தது! ஆள் சீத்தைத் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டிருந்தார்.

"ஹுமைத்! செல்லு! இவங்களுக்கு உண்மையச் செல்லு!"

"நான் பத்திரம் நிரப்புற மனிசன் சேர். ஹாஜியார் செல்ற பேரை எழுதுவேன். ஆளை அவர் என்ன செஞ்சாரோ... அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்!"

"அட நன்றி கெட்டவனே! வராத ஆளுக்குச் சம்பளம் எழுதினா வரி குறையும் எண்டு யோசனை தந்தது நீதானே!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினோம் என்பது மர்ஸூக்குக்கு உறைத்தது.

"வராத ஆளா?" இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

வரியா... கயிறா?

மர்ஸூக் அதிக நேரம் யோசிக்கவில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"இராயப்பன் எண்டு ஒரு மேனேஜர் இல்ல சேர்! வல்லாஹி இல்ல! ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் மூட்டை இறக்க வந்தான். மூணு நாள். கூலி குடுக்கிறப்ப வெத்துத் தாள்கள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டேன். அதுல நாங்க சம்பளம் எண்டு எழுதிக்கிட்டோம். ஒரு சதம் குடுக்கல்ல! அவன்ட முகம்கூட எனக்குத் தெரியா!"

"ஒசரம், தடிச்ச ஒடம்பு, கண்ணாடி?"

"எல்லாம் பொய் சேர்!"

"எழுதித் தாங்க."

மர்ஸூக் எழுதினார். ஒரு வரி விடாமல் எழுதினார். உயிர்ப் பயம் வந்தால் மனிதனுக்கு எவ்வளவு நேர்மை வருகிறது பாருங்கள்! இதில் கால்வாசி நேர்மை போன மார்ச் மாதம் வந்திருந்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்குமா?

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தா நிக்கிறானே, அவனக் கூப்பிடுங்கொ!" மர்ஸூக் அவசரமாக வாசலைக் காட்டினார். "காலையில இருந்து அங்கதான் நிக்கிறான். டேய், இங்க வாடா! கடைக்குள்ள எந்த மேனேஜரும் வந்து நீ கண்டியா?"

ஒல்லியான ஒரு மனிதன் உள்ளே வந்தான். கிழிந்த சட்டை. இடுப்பில் பழைய சாரம். லேசாக இருமிக்கொண்டான்.

"இல்லிங்க முதலாளி. மேனேஜரு யாரும் வரல."

"கேட்டீங்களா சேர்! இப்பிடி உண்மை பேசுற மனிசன்தான் சாட்சிக்கு வேணும்!"

அந்த மனிதன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"உன் பேர் என்ன?"

"இராயப்பனுங்கய்யா."

மர்ஸூக்கின் வாய் திறந்தது. மூடவில்லை. மூன்று நாள் தன் மூட்டையைச் சுமந்த மனிதனின் முகத்தை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் இன்றைக்குத் தப்பியிருப்பார். பார்க்கவில்லையே! பெயர் போதும் என்று நினைத்தவருக்கு முகம் எதற்கு?

"சேர்... பொய் முறைப்பாடு! இவளப் புடிங்கொ! புருஷன் உசிரோட ஈக்கிறான்!"

இன்ஸ்பெக்டர் கோபமாக லூசியாவிடம் திரும்பினார். "பொலிஸோட விளையாடுறியா? கடைக்குள்ள போன ஆள் வெளிய வரல்ல எண்டு சொன்னாய்!"

"ஆளுன்னு நான் சொல்லலிங்கய்யா. இராயப்பன்னுதான் சொன்னேன்." லூசியாவின் குரல் இப்போதும் தணியவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முன்ன அவரு பேரு இந்தக் கடைக்குள்ள போச்சு. அந்தப் பேரு இங்க மாட்டிக்கிட்டதாலதான் தோட்டத்துல வெட்டிட்டாங்க. இப்பத்தான்யா வெளிய வந்திருக்கு! கொல பண்ணிட்டாங்கன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? அத நீங்கதான் சொன்னீங்க!"

இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான்! அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கியதா, கோபத்தை அடக்கியதா என்று சார்ஜன்டுக்குக்கூடத் தெரியவில்லை.

"சார்ஜன்ட்! இந்த வாக்குமூலத்துல ஒரு பிரதி வரிக் கந்தோருக்கு. இன்னொரு பிரதி தோட்டத்துத் துரைக்கு, இண்டைக்கே, நம்ம ஆள் கையில. அந்த மனிசன்ட பேர் திரும்பப் பதியப்படணும், காம்பராவ யாரும் தொடக் கூடாது எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்க."

லூசியா முதல் தடவையாக முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஹாஜியார், ஹுமைத்... கள்ளப் பத்திரம் தயாரிச்ச குற்றம். ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க."

"இன்ஷூரன்ஸ் கட்டுங்கொ எண்டு செல்லச் செல்லக் கேட்டீங்களா?" என்று முனகிக்கொண்டே ஹுமைத் ஏறினார்.

மர்ஸூக் ஒரு காலை ஜீப்பில் வைத்தார்.

"முதலாளி! கொஞ்சம் நில்லுங்க!"

இராயப்பன் ஓடி வந்தான். வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பணிவாகச் சொன்னான்:

"நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போகணுமுங்க... அதனால மேனேஜர் வேலைய இன்னையோட ராஜினாமா பண்ணிக்கிறேன்!"