ஆறாவது ரீலில் ஓர் ஒட்டு

தையற்கடைக்காரி குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தாள். "அந்தப் பல் டாக்டர் எங்கம்மாவைத் திருடிட்டான் சார்!"

சர்வேயர் நாற்காலியைக் காட்டினார். ஓய்வு பெறும்வரை எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து, காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்யைப் பிரித்தெடுத்தவர். அவருடைய மச்சினிக்குத் துப்பறிவதென்றால் உயிர். அதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

தையற்கடைக்காரியின் அம்மா, கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு படத்தில் கூட்டத்தோடு ஆடியவள். ஆறாவது ரீல், படகுப் பாட்டு. மகள் அதைப் பார்த்ததே இல்லை. அம்மா இறந்து ஒரு மாதமாகிறது. அப்பாவின் பழைய தியேட்டரில் ஓடிய பிரிண்ட் பரணில் கிடந்தது. பழைய படங்களை ஸ்கேன் செய்து காப்பாற்றும் ரசிகர் குழு ஒன்று கேட்டு வந்தது. குழுவின் தலைவர் பல் டாக்டர். நம்பிக் கொடுத்தாள். ஸ்கேனில் பாட்டின் நடுப்பகுதியே இல்லை.

"வெட்டின இடத்துல புத்தம்புது டேப். கேட்டா, 'பழைய ஒட்டு பிரிஞ்சிருந்துச்சு, மாத்தி ஒட்டினேன்'னு சொல்றான். கிளினிக் வாசல்லயே திருடன்னு கத்திட்டேன். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்றவன், அதுக்கப்புறம் தன் வாயைத் திறக்கலை."

மறுநாள் கிளினிக்கின் பின்னறையில் எல்லோரும் கூடினார்கள். சர்வேயர் கேட்டுக்கொண்டதால் அவள் அப்பாவும் வந்திருந்தார்.

"இந்தப் பிரிண்ட் உங்ககிட்ட புதுசாவே வந்துச்சா?" என்று அவரிடம் கேட்டார் சர்வேயர்.

"லேப்லேர்ந்து நேரா. என் தியேட்டரைத் தாண்டி எங்கேயும் ஓடலை" என்றார் பெரியவர் பெருமையாக. "முதலாளியும் நான்தான், ஆபரேட்டரும் நான்தான். படம் ஓட்டுற கேபினுக்குள்ள வேற ஈ நுழையாது."

மச்சினி விளக்குமேசையில் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். "என்ன அத்தான், நெடுக ஒரு கோடு? கதாநாயகி மூக்குல இறங்கி, காது வரைக்கும் நெளிஞ்சு போகுது!"

"புரொஜெக்டர்ல ஓடி ஓடி விழுந்த கீறல்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

"ஒட்டுக்கு இந்தப் பக்கம் கோடு எங்கே இருக்கு?" என்றார் சர்வேயர்.

"இடது ஓரம்."

"அந்தப் பக்கம்?"

"அதே இடம் அத்தான். மயிரிழைகூட விலகலை."

சர்வேயர் தையற்கடைக்காரியிடம் திரும்பினார். "நெளிகோடு போட்ட துணியில நடுவுல ஒரு பெரிய துண்டை எடுத்துட்டுத் தைச்சா, கோடு சேருமாம்மா?"

"எப்படிச் சேரும்?"

"இங்க சேருது. அப்படின்னா கோடு விழுறதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. பிரிண்ட் புதுசா இருந்தப்பவே. டேப் மட்டும்தான் புதுசு. டாக்டர் சொன்னது நிஜம்."

"அப்போ வெட்டினது..." என்று துள்ளிய மச்சினி, பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பெரியவர் ரீலைப் பார்த்தபடியே பேசினார். "கல்யாணமான புதுசு. முதல் ஆட்டம். திரையில உங்கம்மா மூணாவது வரிசையில இருந்தா. எல்லாரையும் விட நல்லா ஆடினா. எவனோ விசிலடிச்சான். என் பொண்டாட்டியைப் பார்த்து... அடுத்த ஆட்டத்துக்குள்ள வெட்டி, கொளுத்திட்டேன்."

"அம்மா பார்க்கவே இல்லையாப்பா?"

"கூட்டிட்டுப் போகலை. வீட்டுக்கு வந்ததும், 'எப்படி ஆடியிருக்கேன்?'னு கேட்டா. சுமார்தான்னு சொன்னேன்."

தையற்கடைக்காரி டாக்டரிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்கேன் பண்ணும்போதே புரிஞ்சுது. பெரியவர் பேரை நான் எப்படிம்மா எடுக்கிறது?" ரீலை மெல்லச் சுற்றியபடியே சொன்னார்: "வேற ஊர் ரசிகர் ஒருத்தர்கிட்ட இன்னொரு பிரிண்ட் இருக்கு. நிறமெல்லாம் மங்கிச் சிவந்துபோச்சாம். ஆனா ஆறாவது ரீல் முழுசா இருக்காம். அனுப்புறேன்னு சொல்லிட்டார்."

"எப்ப கேட்டீங்க?"

"நீங்க வாசல்ல கத்திட்டுப் போனீங்களே, அன்னிக்கே."

அவளால் நிமிர முடியவில்லை. பக்கத்தில் அவள் அப்பாவும் நிமிரவில்லை.